பட்டறைப் பதில்கள்: டயரைக் கவ்வும் வளையம்

காற்றைக் குறைத்துக் கரடுமுரடான தடத்தில் ஓட்டுவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டயரின் விளிம்பைப் போல்ட் போட்ட வளையத்தால் கவ்விப் பிடிக்கும் பீட்லாக் வீல் பற்றியே கேட்கின்றன. நான்கை எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளமாகப் போகும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"என்னிடம் பழைய மாருதி ஜிப்ஸி இருக்கிறது. தோப்பை ஒட்டிய பாறை ஓடையில் ஏற்றுவதற்காகக் காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், வளைக்கும்போது முன் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடுகிறது. வெளிநாட்டு பீட்லாக் வீல் எனக்குக் கட்டுப்படியாகாது. இரும்பு ரிம்மில் நாமே செய்துகொள்ளலாமா?"
– வாசகர், உடுமலைப்பேட்டை

செய்யலாம். கோவை கணபதியில் உள்ள என் லேத் பட்டறையில் பல செட் செய்திருக்கிறேன். எல்லாமே தனியார் நிலத்திலும் போட்டித் தடத்திலும் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு.

டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையம் ஒன்று இருக்கிறது. பஞ்சர் கடையில் பீடிங் என்பார்கள். சாதாரண ரிம்மில் அதை விளிம்போடு அழுத்தி நிறுத்துவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து நிலத்தை நன்றாகப் பிடிக்கிறது. அதே வேளையில் பீடிங்கின் பிடி தளர்ந்துவிடுகிறது. சக்கரத்தை ஒடித்துத் திருப்பிய நிலையில் பாறை பக்கவாட்டில் தள்ளும்போது உங்கள் டயர் கழல்வது இதனால்தான். பீட்லாக்கில் வெளிப்பக்கப் பீடிங்கை இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குகிறோம். ஒரு வளையம் ரிம்மின் வெளிவிளிம்போடு வெல்டிங் செய்யப்பட்டு நிலையாக இருக்கும்; அது உள்வளையம். மற்றது கழற்றி மாட்டக்கூடிய வெளிவளையம். உள்பக்கப் பீடிங் எப்போதும்போல் காற்றை நம்பித்தான் நிற்கும். அதனால் பீட்லாக் போட்டாலும் காற்றே இல்லாமல் ஓட்ட முடியாது.

உங்கள் 15 அங்குல ரிம்மில் பீடிங் உட்காரும் இடத்தின் விட்டம் ஏறத்தாழ 380 மி.மீ. போல்ட் வட்டம் அதற்கு உள்ளே, 360 மி.மீ. அளவில் வர வேண்டும். அப்போதுதான் போல்ட் துளை எதுவும் காற்று நிற்கும் அறைக்குள் போகாது. 32 போல்ட் போட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 35 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 24 போல்ட்டோடு ஓடும் வீல்களும் உண்டு. வீட்டுப் பட்டறை வேலைக்கு நான் 32-க்குக் குறைய மாட்டேன். 8 மி.மீ. ஹைடென்சில் போல்ட், தலையில் 8.8 முத்திரை இருக்க வேண்டும். வளையங்களுக்கு 6 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகடு போதும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும், ஆகவே லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். இரண்டு வளையமும் போல்ட்டுகளும் சேர்ந்து ஒரு வீலுக்கு 5 கிலோ வரை கூடும். டயரும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். இரண்டின் பாரமும் ஹப் பேரிங்கின் மேல்தான் விழும்; அதை அடிக்கடி பாருங்கள்.

வேலை கெடுவது வெல்டிங்கில்தான். 2011-ல் நான் செய்த முதல் செட்டில் உள்வளையத்தை வைத்து ஒரே மூச்சில் சுற்றி வந்து வெல்டிங் செய்துவிட்டேன். ஆறிய பின், சுழலும்போது வரும் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 3 மி.மீ. அவுட். நான்கு ரிம்மும் பழைய இரும்புக்குப் போயின. இப்போது செய்யும் முறை வேறு. ரிம்மை ஒரு பழைய ஹப்பில் மாட்டிச் சுழலவிட்டு, வளையத்தை நேராக நிறுத்தி, எட்டு இடத்தில் பொட்டு வெல்டிங் வைப்போம். மறுபடி டயல் கேஜ். சரியாக இருந்தால் இரண்டு அங்குலத்துக்கு வெல்டிங், பிறகு நேர் எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த துண்டு. தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது. ஒரு வீலுக்கு அரை நாள் ஆகும். அவசரப்படுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கடைசியில் வெல்டிங் சுற்று முழுவதும் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் காற்றைத் தடுப்பதும் அந்தச் சுற்றுதான். காற்று அடித்ததும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டோம், வால்வையும் பிடுங்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் ரப்பர் உள்ளேயே கருகி எரியும் வாயுவை விடும், அது வெடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படி நடந்து, அங்கே வேலை பார்த்த பையனுக்கு ஒரு கண் போய்விட்டது. பத்தொன்பது வயது.

அலாய் வீலில் இதைச் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. சூடேற்றிப் பதப்படுத்திப் பெற்ற அலுமினியத்தின் வலு வெல்டிங் சூட்டில் போய்விடும்.

"பட்டறையில் செய்து வாங்கிய பீட்லாக்கில் போல்ட்டுகள் முறிந்துகொண்டே இருக்கின்றன. பெரிய போல்ட்டாக மாற்றலாமா?"
– வாசகர், கோத்தகிரி

மாற்றாதீர்கள். முதலில் வெளிவளையத்தின் மேல் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளையம் தட்டையாக இல்லாமல் உள்விளிம்பு அமுங்கிக் கூம்பு போல இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் டயரின் பீடிங் தடிமனாகவும், அது உட்காரும் படிக்கட்டு போன்ற விளிம்பின் உயரம் குறைவாகவும் இருந்தால், இறுக்க இறுக்க வளையம் வளைந்துகொண்டே போகும். வளைந்த வளையம் போல்ட் தலையைச் சாய்வாக இழுக்கிறது. வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே இழுப்பு. எவ்வளவு பெரிய போல்ட்டானாலும் ஒரு நாள் முறியும்.

டயரைக் கழற்றி, பீடிங்கின் தடிமனை வெர்னியரில் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே இது மாறும். அந்த அளவைவிடச் சற்றே குறைவான தடிமனில் ஒரு நடுவளையம் வெட்டி உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் வையுங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். அதே சமயம் வெளிவளையம் நடுவளையத்தில் முழுமையாகப் படிந்து தட்டையாக உட்கார வேண்டும். டயர் மாடல் மாறினால் நடுவளையமும் மாறும்.

மாட்டும் விதத்தையும் கேட்டிருந்தீர்கள். வீலைப் படுக்கப் போட்டு, உள்பக்கப் பீடிங்கில் சோப்புத் தண்ணீர் தடவிக் கீழே இறக்குங்கள். வெளிப்பக்கப் பீடிங்கை நடுவளையத்தைச் சுற்றிச் சீராக உட்கார வைத்து, அதன் மேல் வெளிவளையம். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகிவிடுங்கள். பிறகு எதிரெதிராக, நான்கைந்து சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வேண்டாம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்தான். 8 மி.மீ. போல்ட்டுக்கு நான் 25 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதில்லை. ரப்பர் அமுங்கி இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிப் போல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். முறிந்த போல்ட் ஒன்று இருந்தாலும் அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். அவையும் பாரம் சுமந்து களைத்திருக்கும்.

"பீட்லாக் வீலோடு சேலத்திலிருந்து கோவா போட்டிக்கு ஓட்டிக்கொண்டே போகலாமா?"
– வாசகி, சேலம்

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. சட்டத்தை விட்டாலும், நெடுஞ்சாலை வேகத்தில் கையால் செய்த வளையத்தின் சிறு அவுட்டும் ஸ்டீயரிங்கில் உதறலாக வரும். அமெரிக்காவில் 2021-ல் திரும்பி வந்த ஃபோர்டு பிராங்கோவின் சில மாடல்களுக்குக்கூட, பீட்லாக் மாட்டத் தகுந்த வீலைத்தான் கொடுத்தார்கள். சாலையில் ஓடும்போது அதில் இருப்பது அழகு வளையம்தான். கம்பெனி ரிம்மில் ஓட்டிப் போய், அங்கே சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு வீலையும் பின்னால் ஏற்றிக் கட்டினால் இடம் போதும்.

"லாரி ரிம்மில் வரும் லாக் ரிங்கும் பீட்லாக்கும் ஒன்றுதானா? நான் பஞ்சர் கடையில் வேலை செய்கிறேன்."
– வாசகர், நாமக்கல்

ஒன்றல்ல, தம்பி. லாரி டயர் விறைப்பானது. அதை வளைத்து ரிம்முக்குள் ஏற்ற முடியாது என்பதால் ரிம்மையே பிரித்து மாட்டும்படி செய்தார்கள். அங்கே டயர் வெளியே வராமல் தடுக்கும் வளையமான லாக் ரிங் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதைப் பிடித்து வைப்பதும் காற்றின் அழுத்தம்தான். பீட்லாக்கில் போல்ட் பிடிக்கிறது. காற்றே இல்லாவிட்டாலும் அந்த வெளிவளையம் கழலாது.

உங்கள் கடிதத்தில் இதைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. காற்று அடிக்கும்போது ரிங்கின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். 20 அங்குல ரிம்மின் வாய் அளவுள்ள வட்டத்தின் மேல் 100 பி.எஸ்.ஐ. தள்ளினால் அது 14 டன். ரிங் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் உங்கள் கால் அதைத் தடுக்காது. வீலை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கவ்விப் பிடிக்கும் முனை போட்ட நீள ஹோஸால், பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். துருப்பிடித்த ரிங்கையும் வளைந்த ரிங்கையும் முதலாளி சொன்னாலும் மாட்டாதீர்கள். முதலாளியிடம் கூண்டு இல்லை என்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இரண்டு அங்குலக் குழாயில் நான் செய்து வைத்திருக்கும் கூண்டின் அளவுகளை வரைந்து அனுப்புகிறேன். உங்கள் ஊரில் எந்த வெல்டிங் கடையிலும் ஒரே நாளில் செய்துவிடலாம்.