எதிர்வீட்டு அம்மா எனக்கு வீடு எழுதித் தரலாமா?

கேள்வி: வயது 37. விவாகரத்துக்குப் பிறகு முடங்கிக் கிடந்த என்னைச் சாப்பிட வைத்து, மறுபடி வேலைக்கு அனுப்பியவர் எதிர்வீட்டு அம்மா. அவருக்கு 74 வயது, கணவர் இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில். வீட்டை எனக்கே எழுதுவேன் என்கிறார். ஏமாற்றி வாங்கிவிட்டேன் என்று பேச்சு வருமா?

பதில்: வரும். அது கோர்ட்டில் எடுபடாதபடி செய்யலாம்.

இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். அந்த அம்மாவே வாங்கிய வீடா, கணவர் உயில் எழுதாமல் இறந்து வந்த வீடா? கணவருடையது என்றால் மகனுக்கும் சமபங்கு உண்டு. வேறு வாரிசு இல்லாவிட்டால் அம்மா எழுதக்கூடியது பாதி வீடுதான்.

உயிரோடு இருக்கும்போதே வீட்டை உங்கள் பேருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் வேண்டாம். பதிந்துவிட்டால் வீடு உங்களுடையது. நாளைக்கு ஒரு மனஸ்தாபம் என்றால் அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி. செலவும் அதிகம்: தமிழ்நாட்டில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். "மகள்னு போட்டுடலாம்மா, ஒரு சதவீதத்தில் முடியும்" என்பார் புரோக்கர். அந்தச் சலுகை சட்டம் சொல்லும் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும். பொய் எழுதினால் மாட்டுவது நீங்கள். அவர் கமிஷனோடு போய்விடுவார்.

தத்து எடுத்ததாக நோட்டரியிடம் எழுதித் தருகிறேன் என்றும் ஒருவர் வருவார். 1956ஆம் வருடச் சட்டப்படி 15 வயது முடிந்தவரையோ, கல்யாணம் ஆனவரையோ தத்தெடுக்க முடியாது. சில சமூகங்களில் வழக்கம் இருந்தால் முடியும். ஆனால் அந்த வழக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். "எங்க ஊர்ல செய்வாங்க" என்றால் போதாது. விவாகரத்து ஆகிவிட்டதே என்றும் வாதாட முடியாது. கல்யாணம் ஆனது ஆனதுதான். அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரமும் வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் போனால் பவரும் போச்சு.

உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே செல்லும். அந்த அம்மா நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் இருவருக்கும் அதுதான் நல்லது. அவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவரைவிட இளையவர்களாகப் பாருங்கள், பின்னாளில் கோர்ட்டுக்கு வர வேண்டியவர்கள் அவர்கள். சுயநினைவோடு இருக்கிறார் என்று அன்றைய தேதியில் டாக்டர் சான்று. மகனுக்கு ஏன் எழுதவில்லை என்று அவர் சொந்த வார்த்தையில் நாலு வரி.

இதில் எதிலும் நீங்கள் தலையிடக் கூடாது. வக்கீலைப் பிடிப்பது, ஃபீஸ் கொடுப்பது, ஆட்டோவில் கூட்டிப்போவது எல்லாம் சேர்த்தே சொல்கிறேன். பயன் பெறுகிறவரே முன்னின்று உயில் எழுத வைத்தால் அது சந்தேகத்துக்குரியது, அதைத் தீர்ப்பது அவர் பொறுப்பு என்று 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்யச் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியச் சட்டத்தில் இடமுண்டு. கேட்டால் புதிதாகக் கேள்விப்படுவதுபோல் பார்ப்பார்கள். 74 வயது மனுஷி டோக்கனோடு சர்வர் வரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான் என்பார்கள். டாக்டர் சான்றை இணைத்து எழுத்தில் மனு கொடுக்கட்டும். உயில் எழுதியதை மகனிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அந்த அம்மாவே முடிவு செய்யட்டும். சொல்வதானால் அவரே போனில் பேசட்டும், அப்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்காதீர்கள்.