அந்தம்மா ஏன் படியிறங்க வேண்டும்?

கேள்வி: 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எதிர் வீட்டார் காரிடாரில் ஏழெட்டு ஜோடி செருப்பு, சைக்கிள் எல்லாம் போட்டு வைக்கிறார்கள். படிக்கட்டை யாரும் கவனிப்பதில்லை. நான்தான் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன். வீட்டுக் குப்பையை இரவே ஒரு கவரில் கட்டி வாசலில் வைத்துவிடுவேன். குப்பை எடுக்கும் அம்மா லிஃப்டில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் லிஃப்டாவது நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்குச் ‘சுத்தப் பைத்தியம்’ என்று பெயர். கணவர் எதிலும் தலையிடுவதில்லை. 11 வயது மகள்கூட ‘விடும்மா’ என்கிறாள். பொது இடத்தில் எவ்வளவு சுத்தம் பார்ப்பது சரி?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: செருப்பை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் லிஃப்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

24 வீட்டுக் குப்பையையும் சுமந்துகொண்டு ஒரு பெண் தினமும் படியிறங்குகிறார். அதில் ஒரு மூட்டை உங்களுடையது. லிஃப்ட் நாறும் என்பதுதானே காரணம்? அந்த நாற்றத்தை அவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை அம்மா. மீந்த சோறு, காய்த்தோல், பால் கவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து இறுக்கிக் கட்டினால், ராத்திரி முழுக்கக் காற்றில்லாமல் உள்ளேயே அழுகும், நீர் விடும், காலையில் தூக்கும்போது சொட்டும். நீங்கள் கட்டிய கவர் அவர் புடவையில் சொட்டுகிறது. நீங்கள் லிஃப்டுக்காகக் கவலைப்படுகிறீர்கள்.

ஒருவர் நம் கழிவைத் தொடுகிறார் என்பதற்காக ‘இங்கே ஏறாதே’ என்று சொல்வதற்குப் பெயர் தீண்டாமை. அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு அதை ஒழித்தது. சுத்தம் என்ற பெயரில் அதை உங்கள் கட்டடத்துக்குள் திரும்ப விட்டிருக்கிறீர்கள். படிக்கக் கசப்பாக இருக்கும், இருக்கட்டும். எதிர் வீட்டுச் செருப்பை ஜோடிக் கணக்கில் எண்ணியிருக்கிறீர்கள். தினமும் வருகிற அந்தம்மாவுக்கு எத்தனை வயது, முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

அளவு கேட்டீர்கள், சொல்கிறேன். படிக்கட்டுக்குத் தினமும் பினாயில் வேண்டாம். தினம் பெருக்கி, வாரத்துக்கு இரண்டு தடவை ஈரத்துணி போட்டால் போதும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் வயதானவர் யாராவது வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்த்துவிடாதீர்கள், அதிலிருந்து வருவது குளோரின் வாயு. செருப்புத் தூசியால் யாருக்கும் காய்ச்சல் வராது. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை அந்தத் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சைக்கிள் வழியை மறித்தால் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். செருப்பைப் பார்த்துக்கொண்டு கடந்து போகப் பழகுங்கள்.

இனி உங்கள் வீட்டு வேலை. மக்குவதைப் பச்சைத் தொட்டியிலும், மக்காததைக் காயவைத்து நீலத்திலும் போடுங்கள். சமையல் கழிவில் தண்ணீரை வடித்துவிடுங்கள். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். பிரித்துத் தருவது குப்பையை உண்டாக்குகிறவர் பொறுப்பு என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். சொந்த வீட்டுக் கழிவை ஒழுங்காகக் கட்டி, கீழே கொண்டுபோய் வைப்பது குடும்பத்தின் கடமை. மாசாமாசம் பராமரிப்புப் பணம் கொடுப்பதால் அது தீர்ந்துவிடாது. எதிலும் தலையிடாத உங்கள் கணவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். தலையிடாமல் இருந்தே அவரும் அந்தம்மாவைப் படியிறங்க வைத்திருக்கிறார்.

மகள் ‘விடும்மா’ என்கிறாளே, அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். யாரை லிஃப்டில் ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்பதையும் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறாள். நாளைக் காலையில் அவளையும் கூட நிறுத்திக்கொண்டு, “இனிமேல் லிஃப்டிலேயே வாங்கம்மா, இத்தனை நாள் நான் சொன்னது தப்பு” என்று அவரிடம் சொல்லுங்கள். சங்கத்தில் யாராவது முகம் சுளித்தால், எதிர் வீட்டாரிடம் காட்டிய கோபத்தை அங்கே காட்டுங்கள்.