தாத்தாவின் மண், பேரனின் சாசனம்

கேள்வி: நாங்கள் சௌராஷ்டிரர்கள். திருமலை நாயக்கர் மகால் பக்கம் வீடு. சட்டம் படிக்கும் என் மகன், ‘தேசம் என்றால் அரசியல் சாசனத்தில் எழுதிய கொள்கைதான், ஊரும் வம்சமும் தற்செயல்’ என்கிறான். சாயப் பட்டறையில் உழைத்து ஓய்ந்த என் மாமனார், ‘மண்ணும் மனிதர்களும்தான் நாடு’ என்கிறார். ‘அப்படியென்றால் குஜராத்திலிருந்து வந்த நாம் இங்கே அந்நியர்தானே?’ என்று மகன் கேட்டுவிட்டான். மூன்று நாளாகத் தாத்தா அவனோடு பேசவில்லை. நான் யார் பக்கம் நிற்பது? - வாசகி, மதுரை

பதில்: முதலில் மாமனார் பக்கத்தில் போய் உட்காருங்கள், சகோதரி. வாதத்தில் தோற்ற வருத்தம் மூன்று நாள் நீடிக்காது. பிறந்து வளர்ந்த ஊரில், பேரன் வாயால் ‘அந்நியர்’ என்ற சொல்லைக் கேட்டிருக்கிறார் அவர்.

உங்கள் மகனிடம் ஒன்று கேட்கிறேன். சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாயா, தம்பி? துணியை நகத்தால் துளியளவு கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கி, வைகை மணலில் உலர்த்தி, நூலைப் பிரித்தால், முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. நாயக்கர் ஆட்சியில் மகாலைச் சுற்றிக் குடியமர்ந்த உன் முன்னோரின் கைவேலை அது. அந்தச் சேலைக்கு ஊர் வைத்த பெயர் மதுரைச் சுங்குடி. தாத்தா சொல்லும் மண் இதுதான். கை சிவக்க உழைத்துச் சம்பாதித்த மண்.

மாமனாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்களே. பிள்ளை பெற்றதும் அங்கே, பெற்றவர்களைப் புதைத்ததும் அங்கே. 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நம் சாசனத்தின் 5-ஆவது பிரிவோ, இங்கே பிறந்து இங்கேயே நிலையாகக் குடியிருந்தவரிடம் மொழியும் கேட்கவில்லை, வம்சமும் கேட்கவில்லை, குடிமகன் என்றது. உங்கள் மகன் அந்தச் சாசனத்தை நேசிப்பதில் பிழையே இல்லை.

ஆனால் அது ‘இந்திய மக்களாகிய நாம்’ என்றுதானே தொடங்குகிறது? அந்த ‘நாம்’ வானத்திலிருந்து இறங்கியதா? பட்டறையில் சாயம் படிந்த கையோடு நின்றவர்களும் அதில் உண்டு. கொள்கையை எழுதிக்கொள்ளவும் காப்பாற்றவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் ஒருவரையொருவர் தம்மவர் என்று நினைக்கவும் வேண்டும்.

மகன்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழில் வேண்டாம், வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்திலேயே கேட்கட்டும். பிறகு ஒருநாள் வெயில் தாழ்ந்ததும் தாத்தாவை வைகைக் கரைக்கு அழைத்துப் போகட்டும். எந்த இடத்தில் சேலை காயப் போட்டார்கள் என்று அவரே கைகாட்டுவார்.