அதிகம் பேசப்படாத பழைய கால்பந்து வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

யோசிக்காமல் சொல்வேன், ஜிம்மி ஸ்பியர்ஸ்.

1886-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ், கிளைடு அணிகளுக்கு ஆடிவிட்டு 1909-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு சிட்டிக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1908-ல் வேல்ஸுக்கு எதிராக. அப்போதெல்லாம் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். இவர் இன்சைடு ஃபார்வேர்டு. நடுவில் நிற்பவருக்கும் ஓரத்தில் ஓடுபவருக்கும் இடையில் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கவும் வேண்டும், கோலும் அடிக்க வேண்டும்.

பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். அணி தொடங்கி எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1911-ல், தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எதிரே நின்றது நியூகாசில் யுனைடெட். முந்தைய வருடம் கோப்பையை வென்றவர்கள், ஏழு வருடத்தில் ஐந்தாவது முறையாக இறுதிக்கு வந்தவர்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஆட்டம் 0-0. நான்கு நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். 15-வது நிமிடத்தில் ஸ்பியர்ஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. அன்று விழுந்த ஒரே கோல் அதுதான். கேப்டனும் அவரே என்பதால் கோப்பையை அவரே வாங்கினார். புதிதாகச் செய்த அந்தக் கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்டது அன்றுதான். அதைச் செய்ததும் பிராட்ஃபோர்டு நகைக்கடை ஒன்றுதான்! இன்னொன்று, ஜெயித்த பதினொரு பேரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த அணி அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கோப்பையை வெல்லவில்லை.

1912-ல் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் ஆர்சனலைப் பெரிய அணியாக்கியவர்.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணம் இதுதான். 1915-ல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஸ்பியர்ஸுக்கு மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே போய் கேமரன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். சார்ஜென்ட் ஆனார், வீரத்துக்கான மிலிட்டரி மெடலும் வாங்கினார். 1917 ஆகஸ்டில், பெல்ஜியத்தில் பாசெண்டேல் போரில் இறந்தபோது வயது 31. ஈப்ரஸ் நகருக்குப் பக்கத்தில், டோச்சி ஃபார்ம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.