பொங்கலன்று வீட்டு நாய்க்கு என்ன சமைக்கலாம்?

சர்க்கரைப் பொங்கலிலேயே நாய்க்கும் கொஞ்சம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் வறுத்துப் போடும் உலர்திராட்சை, சிறிதளவே உள்ளே போனாலும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடியது. நெய் அளவு மீறினால் கணையம் வீங்கி, வாந்தியும் வயிற்றுவலியுமாக மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும்.

மாறாக, பானைக்குக் களைந்த அரிசியிலேயே ஒரு பிடி எடுத்து, சிறிது பாசிப்பருப்புடன், உப்பு, மிளகு, பெருங்காயம் எதுவும் சேர்க்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவையுங்கள். தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய்த் துண்டுகளை அதிலேயே போட்டால், கரண்டியால் அழுத்தும்போதே மசிந்து இளமஞ்சளாகக் கலந்துவிடும். எலும்பில்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்துச் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகே வையுங்கள்.

மறுநாள் கறிக்குழம்பு கொதிக்கும்போது நாய் அடுப்படியைவிட்டு நகராது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குழம்பில் கிடந்த எதையும் போடாதீர்கள்.

புதிய உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்பதால், வழக்கமான சாப்பாட்டோடு இரண்டு மூன்று கரண்டி கலந்து கொடுப்பதே போதும்.