டெல்லி சம்பளமா, புதுச்சேரிச் சம்பளமா?

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களில் மேல்படிப்பு சேர்வதற்கான ஐ.என்.ஐ. செட் நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறேன். என் ரேங்குக்குப் பொது மருத்துவம் டெல்லி எய்ம்ஸிலும் கிடைக்கலாம், புதுச்சேரி ஜிப்மரிலும் கிடைக்கலாம். டெல்லியில், மேல்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் ரெசிடென்ட் டாக்டர்களுக்குச் சம்பளம் அதிகம், விருப்பப் பட்டியலில் அதையே முதலில் போடு என்கிறார் அப்பா. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது, தம்பி இன்ஜினீயரிங் படிக்கிறான். மாதம் 50,000 ரூபாயாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊரில் கையில் அதிகம் நிற்கும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: டாக்டரம்மா, அப்பா சொல்வது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு அதிகம் என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை போலிருக்கிறது. போட்டுப் பார்த்துவிடுவோம்.

இரண்டுமே மத்திய அரசு நிறுவனங்கள். ஜூனியர் ரெசிடென்ட் சேர்வது இரண்டிலும் மத்திய அரசுச் சம்பளப் பட்டியலின் லெவல் 10-இல்தான். அடிப்படைச் சம்பளம் 56,100. தனியாக பிராக்டிஸ் செய்யக் கூடாது என்பதற்காகத் தரும் என்.பி.ஏ. அதில் 20 சதவீதம், அதாவது 11,220. இந்த இரண்டையும் கூட்டி அதன்மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை விகிதமான 58 சதவீதத்தை வைத்துப் போட்டால் 39,046 வருகிறது. விகிதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஆனால் இரண்டு ஊருக்கும் ஒன்றாகத்தான் மாறும். ஆக இதுவரை டெல்லியிலும் 1,06,366, புதுச்சேரியிலும் 1,06,366. ஒரு ரூபாய் வித்தியாசமில்லை.

வித்தியாசம் வருவது இரண்டே இடத்தில். வீட்டு வாடகைப்படிக்கு டெல்லி எக்ஸ் பிரிவு நகரம், 30 சதவீதம். புதுச்சேரி ஒய் பிரிவு, 20 சதவீதம். இதைக் கணக்கிடும்போது என்.பி.ஏ.வைச் சேர்க்க மாட்டார்கள். எனவே அங்கே 16,830, இங்கே 11,220. அடுத்தது போக்குவரத்துப் படி. பெரிய நகரம் என்பதால் டெல்லியில் 7,200, புதுச்சேரியில் 3,600. இதற்கும் அகவிலைப்படி உண்டு என்பதால் 11,376-ம் 5,688-ம் ஆகிறது. மொத்தமாகப் பார்த்தால் டெல்லி 1,34,572, புதுச்சேரி 1,23,274. அப்பா சொல்லும் ‘அதிகம்’ மாதம் 11,298 ரூபாய். புதிய முறையில் வருமான வரி கழித்தால் அது ஒன்பதரை ஆயிரத்துக்கு இறங்கிவிடும்.

அந்த ஒன்பதரை ஆயிரம் டெல்லியில் எத்தனை நாள் தாங்கும்?

என் அக்கா மகன் டெல்லியில் ஒரு அரசு மருத்துவமனையில் ரெசிடென்டாக இருந்தான். கௌதம் நகரில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, மாதம் 17,000. எதிர் வீட்டு ஜன்னலைக் கை நீட்டித் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம். புரோக்கருக்கு அரை மாத வாடகை. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று அவரே விலை வைத்திருந்தார். டிசம்பரில் ஹீட்டரும் கீஸரும், மே மாதத்தில் ஏசியும் ஓடும்போது அந்த மீட்டர் சுற்றுவதைப் பார்க்கவே பயமாக இருக்கும் என்பான். இரவு டூட்டி முடிந்து வந்து சமைக்கத் தெம்பு இருக்காது, போனில்தான் ஆர்டர். வாரம் ஒருநாள் தோசை மாவு தேடி முனிர்கா வரை போவான். புதுச்சேரியில் ஜிப்மருக்குப் பக்கத்தில், கோரிமேட்டில் தேடினால் அவன் கொடுத்த வாடகையில் ஏறக்குறைய பாதிக்கு வீடு கிடைக்கும். மாவு தெருமுனையிலேயே இருக்கும். ஒன்பதரை ஆயிரம் அங்கேயே சரியாகப் போய்விட்டது.

அப்புறம் ஊருக்கு வந்துபோகும் செலவு. விழுப்புரத்திலிருந்து ஜிப்மர் நாற்பது கிலோமீட்டர்தான். டூட்டி முடிந்த சாயங்காலம் பஸ் பிடித்தால் ராத்திரி அம்மா கையால் ரசம். டெல்லியிலிருந்து ரயில் என்றால் இரண்டு ராத்திரி. ரெசிடென்டுக்கு யார் அவ்வளவு லீவு தருவார்கள்? விமானம்தான், அதுவும் கடைசி நேர டிக்கெட். (பக்கத்து ஊரில் இருந்தால் பயணச் செலவு குறையும், மொய்ச் செலவு கூடும். ஒவ்வொரு காதுகுத்துக்கும் ‘டாக்டர் பொண்ணு வரலையா’ என்பார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, விடுதி அறை கிடைத்தால்? கணக்கே மாறிவிடும். அரசு இடத்தில் தங்கினால் வீட்டு வாடகைப்படி கிடையாது. அப்போது இரண்டு ஊருக்கும் மிஞ்சும் வித்தியாசம் போக்குவரத்துப் படி 5,688 மட்டும், வரி போக ஐந்தாயிரத்துக்கும் குறைவு. ஆனால் வெளி வாடகையோடு ஒப்பிட்டால் விடுதிதான் லாபம். டெல்லியில் ரொம்பவே லாபம். கௌதம் நகரில் 16,830 ரூபாய் படியை வாங்கி 17,000 வாடகை கொடுப்பவருக்கு, மின்சாரமும் புரோக்கரும் கைக்காசு. அதனால் ஊரைப் பற்றி விசாரிப்பதைவிட, முதலாண்டு ரெசிடென்ட் பெண்களுக்கு அறை உடனே கிடைக்கிறதா, காத்திருக்க வேண்டுமா என்று இரண்டு இடத்திலும் இப்போது படிக்கும் சீனியர்களிடம் விசாரியுங்கள். உங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாராவது இருப்பார்கள்.

மாதம் 50,000 வீட்டுக்கு அனுப்ப எந்த ஊரிலும் முடியும். புதுச்சேரியில் வெளியே வாடகைக்கு இருந்தாலும் வரி போகக் கையில் 1,15,000 ரூபாயை ஒட்டி வரும். ஆனால் முதல் மாதமே அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். என் அக்கா மகனுக்கு (மருத்துவமனை பெயர் வேண்டாம்) சேர்ந்து மூன்றாவது மாதம்தான் முதல் சம்பளம் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு, கணக்குப் பிரிவு, ஏதோ ஒரு கையெழுத்து பாக்கி என்று இழுத்தது. பாக்கி மொத்தமாக வந்தது உண்மை, ஆனால் அதுவரை வாடகை கட்டியது என் அக்கா. டெல்லி என்றால் ஒரு லட்சம், புதுச்சேரி என்றால் அதில் பாதி, கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பணத்துக்காக டெல்லியை முதலில் போடக் காரணமே இல்லை. அங்கே வரும் நோயாளிகளின் கூட்டத்துக்காகவோ, அந்தத் துறையில் இருக்கும் ஒரு பேராசிரியருக்காகவோ, மூன்று வருஷம் வீட்டை விட்டுத் தள்ளியிருந்து பார்க்கலாம் என்ற ஆசைக்காகவோ போடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கடைசிக் காரணத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் ‘அப்பா சொல்கிறார்’ இருக்கிறது, தம்பி படிப்பு இருக்கிறது. உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்குள் அதை ஒருமுறை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லிதான் என்று அமைந்துவிட்டால் ஒன்று. ஜனவரியில் சேர வேண்டியிருந்தால், நம்மூர்க் கடையில் ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள், அந்தக் குளிருக்கு அது துண்டு போர்த்திய மாதிரி. போய் இறங்கியதும் சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். எய்ம்ஸுக்குப் பக்கம்தான். பேரம் பேசத் தெரிந்த ஒரு தோழியைக் கூட்டிப் போங்கள்.