கட்டிய பையைப் பிரித்து வைத்தது யார்?

மேடம்,

குடியாத்தம் பக்கம் இருக்கிறேன். வயது 31. ஷூ கம்பெனியில் தையல் வேலை. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்தே கணவர் அடிக்கிறார். போன ஆடியில் மணிக்கட்டு உடைந்தது. மல்டிபிள் பர்சனாலிட்டி என்பார்களே, அந்த விலகல் அடையாளக் கோளாறு எனக்கு இருப்பதாக டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. மாமியாரோ, "கெங்கையம்மா இறங்குறா" என்று வேப்பிலை அடிக்கிறார்.

மூன்று தடவை பை கட்டினேன். மூன்று தடவையும் விடிந்து பார்த்தால் துணியெல்லாம் பீரோவில் மடித்து இருந்தது. கடைசித் தடவை மகளின் நோட்டில், கோணல் எழுத்தில், "போவாத, நைனா அடிப்பாரு" என்று இருந்தது. என் மகள் அப்பாவை நைனா என்று கூப்பிட்டதே இல்லை. நான்தான் என் அப்பாவை அப்படிக் கூப்பிடுவேன். அவர் இறந்து 12 வருஷமாகிறது.

"பைத்தியம்னு கோர்ட்ல சொல்லி பிள்ளைய வாங்கிடுவேன்" என்கிறார் கணவர். நான் எப்படிப் போவேன்?

அன்புள்ள தோழி,

அந்த "நைனா"வைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. இந்தக் கோளாறு பெரும்பாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பட்ட கொடுமையில்தான் வேர் பிடிக்கிறது. ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆட்கள் மாறி மாறி வருவார்கள், அப்போது நடந்தது பிறகு நினைவில் இருக்காது. பையைப் பிரித்தவள் உங்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பெண், உங்களுக்கு எதிரி இல்லை. வாசலைத் தாண்டினால் அடி விழும் என்று நம்பி உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவளை அதட்டாதீர்கள். நைனா இறந்துவிட்டார் என்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம், எழுதிச் சொல்லுங்கள். வீட்டு நோட்டில் எழுத வேண்டாம், கணவர் கண்ணில் படும். டாக்டர் முன்னால் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, பை வீட்டில் இருக்கக் கூடாது. ஆதார், மகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, கொஞ்சம் பணம் எல்லாம் கூட வேலை பார்க்கும் நம்பகமான அக்கா ஒருவர் வீட்டில் இருக்கட்டும். உங்களுக்கு மறதி வரும் நாட்களும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில்கூட "போகப்போறேன்" என்று கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு பெண் கிளம்பும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் பேசலாம். தற்காலிகத் தங்குமிடம் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். அடி விழும் நேரமென்றால் அவசர உதவி எண் 112.

கோர்ட் மிரட்டலுக்கு வருகிறேன். நோய் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பிள்ளையைப் பிடுங்கிவிட முடியாது. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார். நீங்கள் சிகிச்சையில் இருப்பது உங்களுக்குப் பலம்தான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவோடு மகளைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்கும்படியும் கேட்கலாம். பெண்களுக்கு வக்கீல் இலவசம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அப்புறம், அந்தச் சின்னவளுக்குக் கடலை மிட்டாயோ பொம்மையோ எது பிடிக்குமோ, அக்கா வீட்டில் வைக்கும் பையில் அதுவும் இருக்கட்டும்.